செவ்வாய்க்கிழமை இறாத்தல்கள்

அடுத்தவரின் நிறையைச் சொல்லிச் சம்பளம் எடுக்கிற தொழிலில், மெஷினில் ஏறுகிறவரைவிட முள்ளைப் பார்க்கிறவளுக்குத்தான் நெஞ்சு கூட அடிக்கும். மெஷினில் ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

87இல், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பெண்கள் சங்கம் செவ்வாய்க்கிழமைகளில் உடம்பு மெலிகிற வகுப்பு நடத்தியது. அதில் வசூலித்த கட்டணத்தில்தான் என்னைப் போல இலங்கையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சம்பளம்; எனக்கு நிறை பார்த்துச் சொல்கிற வேலை.

முதல் ஆள்

ஐரீன் பஸ் ஓட்டுகிறவர். சப்பாத்து, மணிக்கூடு, தோடு எல்லாம் கழற்றிவிட்டு ஏறினார். போன கிழமையைவிட இரண்டு இறாத்தல், ஏறக்குறைய ஒரு கிலோ, கூட. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல அதை உரத்து வாசித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை இன்றோடு சரி என்று நினைத்தேன். ஐரீன் குனிந்து என் காதில் சொன்னார்: "பிள்ளை, இனிமேல் மெதுவாச் சொல்லு. கத்தினால் குறையாது."

புதுத் திட்டம்

ஆட்கள் வருவது குறைந்தது. மெலிந்தவர்கள் நின்றார்கள், மெலியாதவர்களும் நின்றார்கள். மனேஜர் மார்கரெட் ஒரு வழி கண்டுபிடித்தார்: பத்துக் கிழமையில் பத்து இறாத்தல் குறையாவிட்டால் பாதிக் கட்டணம் திருப்பித் தரப்படும். கூடவே, எண்ணெய் குறைந்த மதியச் சாப்பாட்டுப் பெட்டியும் விற்பனைக்கு வந்தது. அதைச் சமைத்தவர் மட்டக்களப்புச் செல்வராணி அக்கா.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் யார் எவ்வளவு குறைந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். செல்வராணி அக்கா கரண்டியும் கையுமாக வந்து முள்ளை எட்டிப் பார்ப்பார்: "இவங்க மெலியாட்டி நாம ரெண்டு பேரும் வேலையில்லாம மெலிஞ்சிருவம், புள்ள."

என்னுடைய முறை

அந்த வகுப்பில் எல்லாரையும்விடக் கூட மெலிந்தது நான்தான். பாவாடையை ஊசி குத்திப் பிடித்திருந்தேன். என் படத்தை விளம்பரத்தில் போடலாமா என்று மார்கரெட் கேட்டார். என்ன சாப்பாடு, என்ன பயிற்சி என்று வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள்.

பொய் சொல்ல வரவில்லை. "என்ர மனுசன் யாழ்ப்பாணத்தில. அங்க சண்டை. மூண்டு மாசமாக் கடிதமில்லை, சாப்பாடு இறங்குதில்லை" என்று தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். ஐரீன் தான் வாங்கிய பெட்டியைத் திறந்து என் மேசையில் வைத்தார். "சாப்பிடு. நீ சாப்பிட்டு முடிக்குமட்டும் நான் இதில நிப்பன்."

பத்தாவது கிழமை

ஐரீனுக்கு நாலு இறாத்தல்தான் குறைந்தது. அரைவாசிப் பேர் பாதிக் கட்டணத்தைத் திருப்பி வாங்கினார்கள். வகுப்பை மூடப்போகிறார்கள் என்று நான் வேறு வேலைக்கு விண்ணப்பமும் நிரப்பிவிட்டேன். ஆனால் ஐரீன் திருப்பிக் கிடைத்த காசை அப்படியே கொடுத்து மறுபடி பதிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பதிந்தார்கள். மெலியாத இடத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்று மார்கரெட்டே கேட்டுவிட்டார். ஐரீன் சொன்னார்: "மெலிய வேற இடம் இருக்கு. செவ்வாய்க்கிழமையில கதைக்க எனக்கு வேற இடமில்லை."

ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து என் மனுசனின் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கிழமைக்குக் கிழமை தவறாமல் நிறை மாறியது எனக்கு மட்டும்தான், அதுவும் மேல்நோக்கி.