நம்பர் தெரிகிற டிவி

என் மனைவி இருதயமேரி திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்ப் பேச்சுகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. அந்தக் குரலை மட்டும் கேட்டு அவளைச் சாந்தமான பெண் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அது கல்யாணத்துக்கு முன்னால்.

அவளுக்கு மறதி கிடையாது. யார் வீட்டு நம்பர் கேட்டாலும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுவாள். நான் எந்த வருஷம் எந்தப் பண்டிகைக்கு அவளுக்குப் புடவை எடுக்கவில்லை என்பதும் அப்படியே ஞாபகம் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் விட அவள் பத்திரமாக வைத்திருந்தது ஒரு கேரம் ஆட்டத்தை.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம், துறையூரில் நடந்தது. அவள் அப்பா அங்கே மிஷன் ஸ்கூல் வாத்தியார். மேரிக்குப் பதினொரு வயது, அண்ணன் பிலோமின்ராஜுக்குப் பதினாலு. அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. மேரி சிவப்பைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு, கடைசிக் காயையும் குழிக்குள் தள்ளிவிட்டாள். அண்ணனுக்கு இன்னும் மூன்று காய் மிச்சம். அந்த நிமிஷம் அண்ணன் எழுந்த வேகத்தில் போர்டு கவிழ்ந்தது. "கால் பட்டுடுச்சு" என்றானாம். சாயந்திரம் அப்பா வந்து யார் ஜெயித்தது என்று கேட்டதற்கு, "நான்தாம்ப்பா" என்று அண்ணன் சொல்ல, மேரி இல்லை என்று கத்த, "அண்ணன் பொய் சொல்ல மாட்டான், கத்தாதே" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தக் கதையை நான் எங்கள் முதலிரவிலேயே கேட்டுவிட்டேன். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டிருப்பேன்.

மற்றபடி அண்ணன் மீது அவளுக்கு உயிர். மஸ்கட்டிலிருந்து அவர் கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

எண்பத்தேழு கடைசியில், ஊருக்கு வந்த ஒருவர் மூலமாக அந்த அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தனுப்பினார். கம்ப்யூட்டர் என்றதும் நான் பீரோ அளவில் எதையோ எதிர்பார்த்தேன். வந்தது ரப்பர் பட்டன் வைத்த ஒரு கறுப்புப் பலகை, ஜெபப் புத்தகத்தை விடக் கொஞ்சம் பெரிது. கூடவே ஒரு கேசட். அதை டேப் ரெக்கார்டரில் போட்டால் ஐந்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்தும், பிறகு ஆட்டம் வரும். மேலே வரிசையாகச் செங்கல், கீழே ஒரு மட்டை, நடுவில் ஒரு பந்து. செங்கல் உடைய உடைய உச்சியில் நம்பர் ஏறும். "நான் நாலாயிரம் எடுத்தேன். உன்னால் முடியாது. ஈஸ்டருக்கு வருகிறேன், பார்க்கலாம்" என்று மச்சான் எழுதியிருந்தார்.

'உன்னால் முடியாது' என்ற இடத்தை மேரி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது, டிவியில்தான் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் டிவி இல்லை. தென்னூரில் எங்கள் சந்துக்கே ஒரு டிவிதான் இருந்தது. அந்த வீட்டுக்காரரும் ஜனவரியில் தில்லை நகருக்குக் குடி போய்விட்டார். வெள்ளிக்கிழமைப் பாட்டும் ஞாயிற்றுக்கிழமைப் படமும் இல்லாமல் சந்தே சோர்ந்து கிடந்தது.

"நாம வாங்கலாங்க. பெருசா" என்றாள் மேரி.

"சின்னதுலயும் செங்கல் உடையும்டி."

"பெருசா" என்றாள் மறுபடியும். அதிகம் சம்பாதிப்பவள் அவள், நான் காலேஜில் பிசிக்ஸ் லேப் அட்டெண்டர். பெயர் தைரியராஜ் என்றாலும் வீட்டில் அதை நான் காட்டிக்கொள்வதில்லை.

பிப்ரவரியில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, கிளம்பினோம். கம்ப்யூட்டர் அவள் கைப்பையில், டேப் ரெக்கார்டர் என் தோளில். தில்லை நகரில் முதல் கடையில் மரக்கதவு வைத்த அழகான டிவி ஒன்று. கடைக்காரர் கதவைத் திறந்து காட்டியதே தேர்க் கதவைத் திறப்பது போல இருந்தது. ஒயரைச் சொருகினோம். கேசட் கத்தியது. கடைப் பையன்கள் காதைப் பொத்தினார்கள். திரையில் ரவை கொட்டியது போல வெறும் புள்ளிகள்தான் மிச்சம்.

"ஆண்டெனா போட்டா சரியாயிடும் மேடம்" என்றார் கடைக்காரர்.

"ஆண்டெனா வேணாங்க. நாங்க டிவி பாக்க வாங்கல."

அவர் மேரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டிவியின் மரக்கதவை மெல்லச் சாத்தினார். விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டர் படம் அனுப்புகிற அலைவரிசையை அந்த டிவியால் பிடிக்க முடியாது. ஸ்டேஷன் ஒரு இடத்தில், ரேடியோ முள் அந்த இடத்துக்குப் போகவே போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் விளக்கியதும் மேரி முதல் முறையாக என் வேலையை மதித்த மாதிரி பார்த்தாள்.

இரண்டாவது கடையில் படம் விழுந்தது! இருபது அங்குலம், பளிச்சென்று கலர். செங்கல் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது, தோள் வேறு வலித்தது. மேரி கடை வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி நின்று பார்த்தாள்.

"நம்பர் தெரியல."

உண்மைதான். படத்தின் உச்சி திரைக்கு மேலே ஏறி மறைந்துவிட்டது.

"மட்டை தெரியுது, பந்து தெரியுது. நம்பர் எதுக்குடி?"

"நம்பருக்குத்தாங்க டிவியே." அவ்வளவுதான். டேப் ரெக்கார்டர் மறுபடி என் தோளுக்கு வந்தது.

அடுத்த நாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். புது ராஜகோபுரத்தைப் பார்க்க லாரி லாரியாக ஜனம் வந்துகொண்டிருந்த சமயம். எல்லோரும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டு நடந்ததால் என் டேப் ரெக்கார்டர் மூன்று பேரை இடித்தது. சித்திரை வீதியில் சௌரிராஜன் என்பவர் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். நெற்றியில் திருமண், காதில் பென்சில். கடை மூலையில் துணி போர்த்தி ஒரு டிவி. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இருபத்தாறு அங்குலம்.

"ஆத்துலதான் வெச்சிருந்தேன். நியூஸ் வாசிக்கிறவா மூஞ்சி நம்ம மூஞ்சியை விடப் பெரிசா இருக்கு, பயமா இருக்குங்கறா மாமி. தள்ளிவிடச் சொல்லிட்டா. நீங்க எத சேவிக்கப் போறேள் இதுல?"

மேரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். படம் விழுந்தது, ஆனால் இங்கேயும் நம்பர் பாதிதான். சௌரிராஜன் பின்மூடியைக் கழற்றி, பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே எதையோ கொஞ்சம் திருகினார். படம் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. நம்பர் முழுசாக வந்து நின்றது. மேரி கடையை விட்டு இறங்கி, வீதியைக் கடந்து, எதிர்ச்சாரியில் ஒரு பூக்காரி பக்கத்தில் போய் நின்றாள்.

"பூஜ்யம்!" என்று அங்கிருந்து கத்தினாள். "பளிச்சுனு தெரியுதுங்க!"

கண்ணாடி போட்டவள், தள்ளி உட்கார்ந்து ஆடப் பார்க்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் நான் அப்படித்தான்.

டாக்சியில் டிவி நுழையவில்லை. டிரைசைக்கிள் வண்டியில் ஏற்றி, நான் அதைப் பிடித்துக்கொண்டே காவிரிப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தேன். மேரி பஸ்ஸில் போகும்போது ஜன்னலிலிருந்து எனக்குக் கையாட்டினாள். பிரிட்ஜா, பீரோவா என்று வழியெல்லாம் கேட்டார்கள். டிவி என்றால் நம்பவில்லை.

தென்னூரில் கேள்வியே இல்லை. வண்டி சந்துக்குள் திரும்பியதும் பக்கத்து வீட்டு வேலம்மாள் குலவை போட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு எங்கள் ஹாலில் பாய் விரித்து முப்பது பேர். யாரையும் யாரும் அழைக்கவில்லை, டிவி வந்தால் அழைக்கத் தேவையும் இல்லை. வேலம்மாள் முன்வரிசையில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு.

"போடுங்க சார்."

ஆண்டெனா இல்லை. டிவியில் இருந்தது ஒரே துவாரம், அதில் கம்ப்யூட்டர் ஒயர். ஆண்டெனா போட்டால் வாரம் முழுக்கக் கூட்டம்தான், பழக நேரம் இருக்காது என்று மேரி தடுத்துவிட்டாள். இதை நான் பூசி மெழுகிச் சொன்னேன். வேலம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

"நாங்க வரக் கூடாதுன்னுதான் ஆண்டெனா மாட்டலன்னு நேரா சொல்லியிருக்கலாமே மேரியம்மா" என்று பாயைச் சுருட்டினார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மேரி எழுந்து போய் வேலம்மாளின் கையிலிருந்த பாயைப் பிடுங்கித் திரும்ப விரித்தாள். "உக்காருங்க வேலம்மா. நீங்கள்லாம் இல்லாம எனக்கு ஆகாது" என்றாள். கேசட்டைப் போட்டாள். கத்துகிற சத்தத்தைக் கேட்டு இரண்டு குழந்தைகள் அழுதன. பிறகு பந்து கிளம்பியது.

டிரங்க் போர்டில் ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகிய விரல்கள் அவை. மட்டை பறந்தது. முதல் வரிசை உடையும் வரை கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இரண்டாவது வரிசையில் யாரோ ஊய் என்றார்கள். மூன்றாவது வரிசையில் வேலம்மாள் முழங்காலில் எழுந்து நின்று, "வருது, வருது, அடிங்க மேரியம்மா, விட்றாதீங்க!" என்று அலறினார். எழுத்து வாசிக்கத் தெரியாது அவருக்கு. ஆனால் பஸ் நம்பர் பார்த்துப் பழகிய கண். நம்பர் ஏற ஏற அவர்தான் உரக்கச் சொன்னார். அன்று முதல் எல்லா வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் செங்கல்தான். தவக்காலத்தில் பிடித்தது எதையாவது விட வேண்டும் என்று நான் சிகரெட்டை விட்டேன், நீ எதை விட்டாய் என்று மேரியைக் கேட்டேன். தூக்கத்தை என்றாள்.

ஈஸ்டருக்கு மச்சான் வந்தார். தொப்பை, தங்கக் கடிகாரம், அறை முழுக்க சென்ட் வாசனை, எல்லோருக்கும் மிட்டாய். நல்ல மனுஷன். தங்கையைக் கட்டிப் பிடித்துக் கண் கலங்கினார். பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு, "என்ன மேரி, ஆடலாமா?" என்றார். ஹாலில் சந்தே கூடியிருந்தது. கதவருகில் நின்றவர்களும் உண்டு.

"என்னடி இது, தேர்க் கூட்டமாட்டம்?"

"டிவி பாக்க வந்திருக்காங்கண்ணே" என்றாள் அவள், டிரங்க் கால் குரலில்.

மச்சான் முதலில் ஆடினார். நாலாயிரத்து நூற்று இருபது. நல்ல ஆட்டம், கைதட்டினார்கள். அடுத்து மேரி. அவளுடைய மூன்றாவது பந்து, கடைசிப் பந்து, மூவாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தது. நாலாயிரம் தாண்டியது. நூற்று முப்பது. மச்சானைத் தாண்டிவிட்டாள்! ஹால் அதிர்ந்தது. இருநூற்றுப் பத்து. அந்த நேரம் மச்சான் விருட்டென்று எழுந்தார். காலில் ஒயர் மாட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் செத்தது, திரையில் ரவை கொட்டியது.

"அடடா, கால் பட்டுடுச்சு" என்றார் மச்சான்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து அதே வார்த்தை. மேரி அண்ணனைப் பார்க்கவில்லை. திரும்பி, எல்லோருக்கும் பின்னால், கதவருகில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"நம்பர் எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நாலாயிரத்து இருநூத்திப் பத்து!" என்றார் வேலம்மாள். அதையே முப்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். வாசலில் நின்றவர்களும் சொன்னார்கள். ஓடு பறந்துவிடும் போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் ஏன் சித்திரை வீதியைக் கடந்து போய் நின்று பார்த்தாள் என்று. அவளுக்காக வாங்கிய டிவி இல்லை அது. துறையூரில் அன்றைக்கு ஒரு சாட்சி இல்லை. இந்தத் தடவை சந்து முழுவதையும் உட்கார வைத்து, கடைசியில் நிற்பவருக்கும் நம்பர் தெரிகிற மாதிரி பார்த்து வாங்கியிருக்கிறாள். என் பெண்டாட்டியை நினைத்து எனக்கு அப்படிப் பெருமையாக இருந்தது.

மச்சான் கையில் பிளக்கோடு நின்றார். அவர் முகம் முதலில் சிவந்தது. பிறகு தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து நாற்காலியில் சரிந்தார்.

"அன்னிக்கும் நீதாண்டி ஜெயிச்ச, மேரி" என்றார் மெதுவாக.

மேரி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்கண்ணே. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

மச்சான் எழுந்து நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"துறையூர்ல, ஐம்பத்தஞ்சுல, கேரம்ல என் தங்கச்சிதான் ஜெயிச்சா!"

எந்தக் கேரம், என்ன துறையூர் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்தாலும் வேலம்மாள் குலவை போட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். மேரி அண்ணனுக்கு இன்னொரு தட்டு பிரியாணி கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில் என்னிடம் குனிந்து, "நாளைக்கு ஆண்டெனா மாட்டிடுங்க, பாவம், அவங்க பாட்டு கேக்கட்டும்" என்றாள்.