கடல் தாண்டிய வெள்ளிக்கிழமை

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் முப்பதாம் நாள் பூசையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா பினாங்குச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அம்மாவும் நானும் ஆவூரிலிருந்து கிளம்பிக் கப்பலில் போனோம். வழியெல்லாம் வாந்தி. இறங்கி இரண்டு நாளாகியும் கஞ்சித் தண்ணீர்கூட என் வயிற்றில் தங்கவில்லை. எழுந்தால் கண் இருட்டியது. அம்மாவும் படுத்தே கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலை மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். கூடையில் உயிருள்ள தவளைகள், தண்ணீரில் மிதக்கும் சோயாக் கட்டிகள், மூக்கைத் துளைக்கும் இறால் விழுது. ஒவ்வொரு கடையிலும் நின்று, "இது திங்கிறியா, அது திங்கிறியா" என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தேன். கடைசியில் ஒரு சீனத்து அம்மாளின் கடை. கோழிச் சாற்றில் பட்டை பட்டையாக அரிசிச் சேவை மிதந்தது. கப்பலேறிய பிறகு முதல் தடவையாக எனக்கு வாயூறியது. உடனே அழுகையும் வந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை மாமா. சுத்தபோசனம்."

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கவிச்சி தொடமாட்டோம். ஊர் திரும்பியதும் கோவிலில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுப்பதாக இருந்தார்கள். கவிச்சி தொட்டால் அது கிடைக்காது என்று அம்மா மிரட்டி வைத்திருந்தாள்.

மாமா யோசிக்கவே இல்லை. "அட கூறுகெட்ட பயலே, கடல் தாண்டி வந்தவங்களுக்கு அதெல்லாம் கெடையாதுடா. இங்கிட்டு உள்ள சாமியாரே சொல்லிட்டாரு."

"அம்மாவுக்குமா?"

"ஒங்காத்தா இன்னும் கப்பல்லயேதான கெடக்கா. அவகிட்ட சொல்லிறாத."

சீனத்து அம்மாள் மலாய் மொழியில் மாமாவிடம் ஏதோ கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி இன்னொரு கரண்டி கோழி போட்டாள். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். வயிற்றில் தங்கியது. திரும்பும்போது நடந்தே வந்தேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடைதான். எனக்குக் கோழிச் சாறு. எதிரே மாமா வெறும் ரொட்டியைக் கடுங்காப்பியில் நனைத்துத் தின்பார். பாவம், அவருக்குக் கோழி பிடிக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் அன்று, பூசை ஆனதும் மாமா அதே கடையில் உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் வாங்கி, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். அன்றைக்குக் கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

எழுதிய நாள் 3-4-2026, பெரிய வெள்ளி.