லிப்பா தெருவின் இரண்டு நிக்கோலாக்கள்

அந்த டிசம்பரில் சோபியா நகரத்தில் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை, செய்திக்குத்தான் பஞ்சம். எல்லாத் தாள்களும் புது கம்யூனிஸ்ட் அரசின் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு எழுத்தளவில் அச்சிட்டன. காலையில் அவற்றைப் படித்து, மேற்கத்திய நாடொன்றின் தூதரகத்துக்குச் சுருக்கம் எழுதித் தருவது பொக்தானா கிராஸ்தேவாவின் வேலை. போரில் கணவனை இழந்தவள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

தூதரகத்தின் இரண்டாம் செயலர் வின்ஸ்லோவுக்குச் சுருக்கம் மட்டும் போதாது. "பேப்பர்ல இருக்கறது அவங்க பேச்சு. ஜனங்க என்ன நினைக்கிறாங்க, அதைச் சொல்லுங்க" என்பார். அதனால் மதியத்துக்கு மேல் அவள் ஊரைச் சுற்றுவாள். ரொட்டி வரிசையில் யார் முணுமுணுக்கிறார்கள், எந்தச் சாவுக்கு எவ்வளவு கூட்டம் என்று பார்த்து வந்து சொல்வாள். அவர் எழுதுவார். 'நம்பகமான ஒருவர் தெரிவித்தது' என்று அது அவர் நாட்டுத் தலைநகரத்துக்குப் போகும்.

அந்த வாரம் அங்கிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலா ராச்செவ் கோடையிலிருந்து சிறையில் இருந்தார். புத்தாண்டு கழிந்ததும் வழக்கு. தூக்குத்தான் என்று ஊரே பேசியது. அவருக்கு மக்களிடம் இன்னும் செல்வாக்கு இருக்கிறதா? இருந்தால் கடுமையான கண்டனம் அனுப்பலாம். இல்லாவிட்டால் வீணாக ஏன் வாயைத் திறக்க வேண்டும்? சனிக்கிழமைத் தபால் பையில் பதில் போயாக வேண்டும்.

"எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று வின்ஸ்லோ தலையைச் சொறிந்தார்.

வழி சொன்னது பொக்தானாதான். "வெள்ளிக்கிழமை புனித நிக்கோலா திருநாள். அந்தப் பேர் இருக்கற வீட்டுக்கெல்லாம் ஜனங்க போவாங்க. வீட்டுக்காரர் ஜெயில்ல இருந்தாலும் அவர் சம்சாரம் விருந்து வைப்பாங்க. வாசலைப் பார்த்தா போதும், தெரிஞ்சிடும்."

"அழைப்பு வெச்சிருப்பாங்களா?"

"பேர் நாளுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா அது பிச்சை எடுக்கற மாதிரி. அவங்கவங்களா வரணும்."

இதைச் சொன்னபோது அவளுக்குச் சந்தேகமே இல்லை. துருக்கியன் ஆண்ட காலத்திலும் நிற்காத வழக்கம், இப்போதா நின்றுவிடப் போகிறது?

வெள்ளிக்கிழமை லிப்பா தெருவில் பனி கொட்டியது. டிராம் நிறுத்தத்திலிருந்து ராச்செவ் வீட்டு வாசல் நேராகத் தெரிந்தது. எதிரே பத்திரிகைக் கடையோரம் தோல் கோட்டு போட்ட ரகசியப் போலீஸார் இருவர், விரித்த தாளைத் திருப்பாமலே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள். வாசலுக்கு அருகில் நடை தளர்ந்தது. தோல் கோட்டுகளைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். ஒரு கிழவர் வாசலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, பனியைத் தட்டத்தான் கழற்றியதுபோல் தட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார்.

மதியம் திரும்பியும் ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

'எவரும் வரவில்லை' என்று நாளை தபால் பையில் போகும். அளவுகோலை எடுத்துக் கொடுத்தவள் பொக்தானாதான். அதை வைத்தே வின்ஸ்லோவின் தலைநகரத்தில் ஒருவர் ராச்செவின் கோப்பை மூடிவிடுவார்.

தூதரக ஊழியர்கள் அரசியல்வாதி வீட்டுப் படியேறக் கூடாது என்பது விதி. தோல் கோட்டுக்காரர்களுக்கு அவள் முகம் தெரியும். அப்படியும் தெருவைக் கடந்து கதவைத் தள்ளினாள்.

உள்ளே நீள மேசை. அக்ரூட்டும் அரிசியும் அடைத்துச் சுட்ட பெரிய கெண்டை மீன், கத்தி படாமல் கிடந்தது. கறுப்பு உடுப்பில் ராச்செவின் மனைவி மாரா ராச்செவா எழுந்தாள்.

"அந்தப் பேர் உயிரோட, சுகமா இருக்கட்டும்" என்றாள் பொக்தானா. வழக்கமான வாழ்த்துதான்.

"உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். நீ யாரு பெத்த பொண்ணோ, உட்காரு." மாரா மீனை வெட்டி, தலைப்பக்கத் துண்டைத் தட்டில் வைத்தாள். "குளிர்ல வெறைச்சுப் போயிட்டே. ராக்கியாச் சாராயம் ஒரு மடக்கு குடி."

"யாரும் வரலையே அக்கா..."

"அவங்க மேல எனக்கு வருத்தமில்ல. எதிர்ல நிக்கற அந்த ரெண்டு கழுகைப் பார்த்தா, என் வீட்டுக்குள்ள வர எனக்கே பயமா இருக்கு."

தெருக்கோடியிலிருந்து அக்கார்டியன் சத்தம் வந்தது. பொக்தானா நிமிர்ந்தாள்.

"அது ஜாம்போவ் வீடு" என்றாள் மாரா. "அவனும் நிக்கோலாதான். ஆளுங்கட்சியோட வட்டாரக் குழுத் தலைவர்! வீடு ஒதுக்கறது, நிலக்கரிச் சீட்டு எல்லாம் அவன் கையில. போன வருஷம் அவன் வாசல்ல ஜனம் முண்டியடிச்சுது. இன்னிக்கு? காலையிலேருந்து அந்தப் பாட்டுக்காரன் சுவத்துக்கு வாசிக்கறான். ஜாம்போவ் பொண்டாட்டி ரெண்டு வாட்டி கதவைத் திறந்து தெருவைப் பார்த்துட்டு உள்ள போயிட்டா. நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லையே."

"அங்கயும் யாரும் போகலையா?"

"இங்க வர முடியல. அங்க போக மனசு வரல. வேற என்னத்தைச் சொல்ல?"

பொக்தானா தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள். டிராமுக்குப் போகாமல் தெருக்கோடிக்கு நடந்தாள். கேட்ட செய்தியைக் கண்ணால் பார்க்காமல் அவள் கொடுத்ததில்லை. ஜாம்போவ் வீட்டுப் படிகளில் காலையிலிருந்து பெய்த பனி கலையாமல் படிந்திருந்தது. ஒரு காலடித் தடம் இல்லை. கதவு திறந்தது. நல்ல கோட்டு அணிந்த தடித்த மனிதர், ஜாம்போவ்தான்.

"தோழரே! உள்ள வாங்களேன். மீன் ஆறுது."

பெயர் நாளில் ஆளைக் கூப்பிடும் மனிதரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"நேரமாச்சு, தோழர்."

"ஒரு வாய்..." என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. அவள் நடந்துவிட்டாள்.

தூதரக வாசலில் ஓட்டுநர் கிரில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஊரெல்லாம் மீன் வாசனை, நீ மட்டும் பேயறைஞ்ச மாதிரி வர்றே. முள் ஏதும் மாட்டிக்கிச்சா?"

"ஆமா. கார்ல போறவனுக்கு என்ன தெரியும்? நீ சக்கரத்தைத் துடை."

வின்ஸ்லோ பேனாவோடு காத்திருந்தார். "எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"யாரு?"

"நான்."

பேனா கீழே இறங்கியது. "என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்களை எப்படி எண்ணிக்கையில சேர்ப்பேன்? அப்போ யாருமே வரல. சரிதானே?"

"சரியில்ல. அந்த வாசலை மட்டும் பார்க்கச் சொன்னது என் தப்பு." ஜாம்போவ் வீட்டைப் பற்றிச் சொன்னாள். "பயத்துல ஒரு வீட்டுக்குப் போகல, சரி. இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தா லாபம். நிலக்கரி கிடைக்கும். குளிர்ல நடுங்கற ஜனங்க, அப்பவும் போகல. அவங்க யாரை மறக்கலைன்னு இதைவிட எப்படிச் சொல்லுவாங்க?"

வின்ஸ்லோ பேனாவை மறுபடி எடுத்தார். எழுதினார். நடுவில் நிறுத்தினார். "உள்ள இருந்து பார்த்தவங்க ஒருத்தர் சொன்னதுன்னு போட்டாத்தான் நம்புவாங்க. ஆனா உள்ள போனது நீங்க ஒருத்தர்தான். இந்தக் காகிதம் எங்காவது கசிஞ்சா..."

"போலீஸ்காரங்க காகிதம் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? நான் வெளிய வரும்போது தோல் கோட்டுக்காரன் ஒருத்தன் மணி பார்த்தான். போடுங்க."

போட்டார். பை சனிக்கிழமை கிளம்பியது.

புத்தாண்டுக்குப் பிறகு கண்டனம் வந்தது. ராச்செவுக்குத் தூக்கு இல்லை, பதினைந்து ஆண்டுச் சிறை. கண்டனத்தால் நடந்ததா, அதிகாரிகளுக்குள் இருந்த வேறு கணக்கால் நடந்ததா, எவருக்கும் தெரியாது. தன்னால் நடந்தது என்று பொக்தானா ஒருநாளும் சொன்னதில்லை. தீர்ப்பு வந்த வாரமே மிலிஷியா என்ற போலீஸ் அவளை அழைத்து, சோபியாவில் வசிக்கும் உரிமையை ரத்து செய்தது. தொலைவில் தோப்ருஜா பக்கம் ஒரு சிற்றூரில், காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை.

ரயில் நிலையத்துக்கு மாரா வந்திருந்தாள், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் பொக்தானா. "அன்னிக்கு நான் விருந்துக்குன்னு புறப்பட்டு வரல. எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ண அனுப்பினாங்க."

மாரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எண்ண வந்தவ வெளிய நின்னே எண்ணியிருக்கலாமே. உள்ள வந்து ரெண்டு துண்டு தின்னியே."

பிறகு கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை அவள் பெட்டிக்குள் திணித்தாள். "ஏறு, ஏறு. ஜன்னலோர இடம் போயிடும்."