ஆரோக்கியமேரி விட்ட தண்ணீர்

குழந்தை முதல் அழுகையை முடிப்பதற்குள் ஆரோக்கியமேரியின் விரல்கள் செம்புக்குள் போய்விடும். உச்சந்தலையில் மூன்று முறை தண்ணீர். "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து" என்று ஒரு முணுமுணுப்பு. காதோரம் ஒரு பெயர். தொப்புள்கொடியெல்லாம் அப்புறம்தான்.

சாந்தோமிலிருந்து நொச்சிக்குப்பம் வரை இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் மருத்துவச்சி. பருத்த உடம்பு, வெற்றிலை வாய், கழுத்தில் மாதா படம் தைத்த, அழுக்கேறிய உத்தரியக் கயிறு. பிரசவத்துக்குக் கிளம்பும்போது வீட்டிலுள்ள அந்தோணியார் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். தாயும் பிள்ளையும் பிழைத்தால்தான் அவருக்கு மறுபடி வெளிச்சம்.

போன தபசுகாலத்தில், புதிதாக வந்த சுவாமியாரிடம் போய், தன் பிள்ளைகளைக் கோயில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். வக்கீல் குமாஸ்தா சங்கரனின் மகன் செபஸ்தியான். அத்தர் வியாபாரி ஹனீஃபா சாயபுவின் பெண்கள் லூர்துமேரி, பிலோமினாள். தவில்காரரின் இரட்டைப் பிள்ளைகள் இராயப்பர், சின்னப்பர். சுவாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு மட்டுமே அப்படி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றார்.

"பொறந்தது எல்லாம் என்னிக்காச்சும் சாவத்தானே போவுது சாமி?"

மயிலாப்பூர் முழுவதும் கோயில் வாசலில் திரண்டு நிற்பது சுவாமியாரின் கண்முன் வந்திருக்க வேண்டும். இனி எந்தப் பிள்ளை தலையிலாவது அவள் கை தண்ணீர் விட்டால் பாஸ்காப் பண்டிகைக்கு நற்கருணை அப்பம் கிடையாது என்றார். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வந்தவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஹனீஃபா சாயபு வீட்டில் ஆண் குழந்தை. பக்கத்து வீட்டிலிருந்து துணைக்குப் போயிருந்த என் மனைவி சொன்னது இது. மேரி பிள்ளையைத் துடைத்துச் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். சாயபுவின் மனைவி அஃப்சருன்னிசா தண்ணீர் எங்கே என்று கேட்டாள். மேரி இத்தனை வருஷம் மறைத்ததையும் சத்தியத்தையும் சொல்லி அழுதாள்.

"எனக்குத் தெரியாதா? ரெண்டு பொண்ணுக்கும் நீ காதுல சொன்ன பேரைக் கேட்டுக்கினுதான் இருந்தேன். வூட்டுப் பேரு அது பாட்டுக்கு கீது. ரெண்டுக்கும் ஒரு ஜுரம் வந்ததில்ல. இவனுக்கு மட்டும் இன்னா கொறச்சல்?"

மேரி அசையவில்லை. அப்படியானால் தானே விட்டுக்கொள்வதாக அஃப்சருன்னிசா படுத்தபடியே கையை நீட்டினாள். செம்பு எட்டவில்லை.

மேரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். கூரையைப் பார்த்தபடி, வலது கால் பெருவிரலால் செம்பை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.