ஏழாவது வரி

அந்தக் கம்ப்யூட்டர் அன்று ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். பார்க்க வந்திருந்த பேராசிரியர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. நான் வாய் திறக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பங்குக் கோவிலில் மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். "பொய் சொன்னேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முழுவதையும் உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை என்பதால் இருக்கலாம்...

வீட்டில் கம்ப்யூட்டரா என்று கேட்பீர்கள். மெட்ராசில் அது குளிரூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். ஆனால் மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், வசந்தாவின் வீட்டு மாடியறையில் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய அண்ணன், ஊருக்கு வருகிறவர்களின் கையில் பாகம் பாகமாகக் கொடுத்தனுப்பியது. இணைப்பது எங்கள் பாடு.

வசந்தா பொறியியல் பட்டதாரி. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ரிச்சி தெருவில் ஒரு கடை வாசலில், ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே இரண்டே பெண்களாக நின்றபோது பழக்கமானோம். அதன்பின் பதினெட்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், பூசை முடிந்ததும் சாந்தோமிலிருந்து நடந்தே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஹார்மோனியப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கம் சுவிட்சுகள், எட்டுச் சிறிய சிவப்பு விளக்குகள். உள்ளே, மின்சுற்று பதித்த ஐந்து அட்டைகள் வரிசையாகப் பள்ளங்களில் செருகியிருக்கும். மெஷின் சரியாகத் தொடங்கினால் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்து ஓடும். மூன்றாவது அட்டை என்னுடையது. அதன் ஒவ்வொரு கால்முனையையும் நான்தான் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி ஒரு பட்டியல் வைத்திருந்தோம். பதினொரு வரி. ஒருத்தி பார்த்து டிக் போட்டால் மற்றவள் அதைத் திரும்பப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நம்பிக்கையில்லை என்று அர்த்தம். விளையாட்டாக ஆரம்பித்தது, சட்டமாகிவிட்டது.

சரஸ்வதி பூஜைக்கு மூன்று நாள் முன்பு விளக்குகள் முதன்முறையாக ஓடின. வசந்தா என் தோளில் சாய்ந்து அழுதாள். அடையாற்றிலிருந்து ஒரு பேராசிரியர் விஜயதசமி காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவளுடைய அப்பா அதிலேயே எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"வர்றவர் பார்த்து, இது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணு, நான் குறுக்கே நிக்கலை. இல்லேன்னா தையில கல்யாணம். பையன் ஆத்துல கேட்டுண்டே இருக்கா."

பூஜையன்று மாலை, புத்தகங்களோடு அந்தப் பெட்டிக்கும் மாலை போட்டார்கள். வசந்தாவின் அம்மா சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீயும்தானே கையைச் சுட்டுண்டு உழைச்சே. வா ஸ்டெல்லா, நீயே பொட்டு வை."

"ஏன், இந்த ஆத்துல மனுஷாளே இல்லையா?" என்றார் வசந்தாவின் அத்தை.

"நீங்க வைக்கறேளா? ஷாக் அடிச்சா என்னைக் கேக்கப்படாது" என்றார் அம்மா.

அத்தை கையை இழுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "மூடி மேல மட்டும் வை. உள்ள ஒரு சொட்டு படக்கூடாது, சொல்லிட்டேன்."

மூடியின் மேல் மூன்று பொட்டு வைத்தேன். நாங்கள் கிறிஸ்துவர்கள், எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. அந்த வீடு என்னையும் தன்னில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டதுபோல் இருந்தது. எல்லோரும் சுண்டலுக்குக் கீழே இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

மூடியைத் திறந்தேன். மூன்றாவது அட்டையை உருவி, கம்பிகளே இல்லாத ஒரு மூலையில், சந்தனமும் குங்குமமும் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். ஏன் வைத்தேன்? மூடி வசந்தாவுடையது. அந்த அட்டை என்னுடையது... அதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் அப்போதைய என் நியாயம். அட்டையைத் திரும்பச் செருகி, மூடியைப் போட்டுவிட்டு, சுண்டல் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை பேராசிரியர் வந்தார். வசந்தா என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவ ஸ்டெல்லா, சார். உதவிக்கு வருவா."

உதவிக்கு.

அவள் யோசித்துச் சொன்ன சொல் அல்ல அது. பயத்தில், அவசரத்தில், நாக்கில் வந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது.

அவள் சுவிட்சைப் போட்டாள். எட்டு விளக்குகளும் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றன. ஓடவில்லை. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே எட்டு, அசையாமல்.

பட்டியலை எடுத்தோம். சுவர் பிளக், டிக். ஃபியூஸ், டிக். மின்கம்பி, டிக். மின்னழுத்தத்தை அவள் மீட்டர் வைத்துப் பார்த்தாள். முள் சரியான இடத்தில் நின்றது. அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பது என் வேலை. முதல் அட்டை, இரண்டாவது அட்டை... ஏழாவது வரி, மூன்றாவது அட்டை.

பாதி உருவியபோதே கண்டுவிட்டேன். முதல்நாள் சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருக்கிறார்கள். பொட்டு வழிந்து, பள்ளத்துக்குள் உட்காரும் பொன்முலாம் பற்கள்மேல் இறங்கிக் காய்ந்திருந்தது. சிவப்பாய் ஒரு கோடு. பென்சில் ரப்பரால் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் தீர்ந்தது. ரப்பர் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கிழவியின் கண் என் கையில்தான் இருந்தது. பேராசிரியர் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: கிறிஸ்துவப் பெண் கை வைத்தாள், விஜயதசமியன்று மெஷின் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்ட அந்த அம்மாவுக்கும் சேர்த்துப் பேச்சு விழும். அதற்குத்தான் பயந்தேன். இரண்டு வருடங்களாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவருகிறேன்.

உங்களிடம் சொல்கிறேனே... அந்தக் கணத்தில் என் காதில் இருந்தது அத்தையின் குரல் அல்ல. "உதவிக்கு வருவா."

அட்டையை உள்ளே தள்ளினேன். ஏழாவது வரியில் டிக் போட்டேன்.

"மூணு?" என்றாள் வசந்தா.

"சரியா இருக்கு."

அவள் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. எங்கள் சட்டம் அப்படி.

பதினொரு வரியும் முடிந்தன. பேராசிரியர் நல்ல மனிதர். "பரவாயில்லம்மா, இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்தார். அப்பா அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "இன்னொரு நாளெல்லாம் இல்லை. இன்னிக்குத் தொடங்காதது என்னிக்கும் தொடங்காது."

வசந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வயரிங்ல தப்பே இல்லை. அப்போ பிராசஸர்தான் போயிருக்கணும், இல்ல? கை நடுங்கித்து ஸ்டெல்லா. ரெண்டு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டேன். நான்தான் எரிச்சுட்டேன்."

அந்தச் சிப் மெஷினின் மூளை. இங்கே கிடைக்காது, அமெரிக்காவிலிருந்து வர மாதக்கணக்காகும். அவளுக்கும் அது தெரியும்.

"இருக்கலாம்" என்றேன்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். டிக் போட்டதைக்கூடக் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்?

தை மாதம் கல்யாணம் நடந்தது. கணவனோடு நாக்பூருக்கு ரயிலேறும் நாளன்று மெஷினை என்னிடம் கொடுத்தாள். "எரிஞ்ச சாமான்தான். உனக்குப் பாகத்துக்காவது உதவும்." சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு சாந்தோமுக்கு வந்தேன்.

அன்று மாலையே மூன்றாவது அட்டையை உருவித் தேய்த்தேன். துடைத்தேன். செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

விளக்குகள் ஓடின... இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக. வேறு எதிலும் கோளாறில்லை. ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தால் ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் என்ன சொல்வது? தாலி கட்டியாகிவிட்டது. விளக்குகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அவளிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. பெண் குழந்தைக்கு ஆறு மாதம். கையெழுத்து மாறவே இல்லை. கடைசியில், மடிப்போரத்தில் இடுக்கி எழுதியிருந்தாள்: "ரேடியோ ரிப்பேர் ஆனாக்கூட நான் தொடறதில்லை, ஸ்டெல்லா. இவர் கேலி பண்றார். என் கை ராசி தெரிஞ்சதுதானே. அந்த மெஷினை நீ எப்பவாவது திறந்து பார்த்தியா?"

பதில் எழுதினேன். குழந்தைக்குக் கஷாயம் எப்படிக் கொடுப்பது என்று என் அம்மா சொன்னதை எழுதினேன். கிண்டியில் வந்திருக்கும் புது மேலாளரைப் பற்றி எழுதினேன். அவளுடைய கடைசிக் கேள்விக்கு ஒரு வரி இடம் விட்டேன். அதில் எதுவும் எழுதவில்லை. அப்படியே ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் அட்டைகளின் பற்கள் கறுத்துவிடும். ஆகவே ஞாயிறுதோறும் ஐந்து அட்டைகளையும் உருவி ரப்பரால் தேய்க்கிறேன். மூன்றாவதின் மூலையில் மட்டும் ஒரு இளஞ்சிவப்புக் கறை இருக்கிறது. எதற்கும் அது போவதில்லை.

இன்று காலையும் சுவிட்சைப் போட்டேன். ஓடியது. அணைத்துவிட்டு, துணியால் மூடினேன்.