அறைச் சுவரில் ஒரு கபுறு

வாசகரே, உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. சாட்சியாக நிற்கவே அழைக்கிறேன். என் ராத்தாவின், என் மூத்த சகோதரியின், வீட்டு உள்ளறைச் சுவரைப் பாருங்கள். பெருநாள்தோறும் வீடு முழுவதும் வெள்ளையடிக்கப்படும். அச்சுவரில் ஒரு பாயளவு இடத்தை மட்டும் சுண்ணாம்பு தொடுவதில்லை. அங்கே அடுப்புக்கரியால் கீறிய ஒரு கபுறு, ஒரு புதைகுழியின் படம், இருக்கிறது.

எழுபதுகளின் இறுதியில் ஒருநாள், சாய்ந்தமருதிலிருந்து தோணியில் மீன்பிடித் தொழிலுக்குப் போன மச்சானை, ராத்தாவின் கணவரை, உயிரற்ற மையித்தாகவே கரைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே அடக்கம் நடந்தது. எங்கள் ஊரில் பெண்கள் அடக்கத்தலமான மையவாடிக்குப் போவதில்லை. கணவனை இழந்தவள் வீட்டிலேயே காக்கும் இத்தாவில் இருந்த ராத்தாவோ வாசலையும் தாண்டலாகாது. கணவர் கிடக்கும் இடத்தைக் காண அவளுக்கு என் கண்கள் மட்டுமே இருந்தன.

நானோ கல்முனை விவாத மேடைகளின் கைதட்டலில் வளர்ந்தவன். அவரை அடக்கிய இடம் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதும், குளிர்நிழல் விரிக்கும் மரத்தடியில், அலைகள் தாலாட்ட அவர் துயில்கிறார் என்றேன். அவள் கரித்துண்டை எடுத்துச் சுவரில் அம்மரத்தைக் கீறத் தொடங்கினாள். அடிமரம் முடிந்ததும் கை நின்றது.

"என்ன மரம் தம்பி?"

எந்த எதிரணியும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. அவள் ஏசவில்லை. வெள்ளைச் சேலைத் தலைப்பால் மரத்தைத் துடைத்தாள்; தலைப்பு கறுத்தது.

"மேடைய இறக்கி வெச்சிட்டுப் போய்ப் பார்த்துட்டு வா. அவர எங்க வெச்சிரிக்கி எண்டு எனக்கு விளங்கணும்."

மாலை அஸர் தொழுகைக்குப் பின் போனேன். மரமே இல்லை, வெறும் மணல். தலைமாட்டில் அடையாளமாக நட்ட மீசான் கட்டை கடற்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. கால்மாட்டில் ஒரு நண்டு வளை. அதன் வாயிலில் ஈரமணல் உருண்டைகள். திரும்பி வந்து, அடைமொழி ஒன்றுமின்றிச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கீறினாள். வளையைச் சொன்னபோது சிரித்துவிட்டாள்.

"வலைய அறுக்குற நண்டெண்டு எந்த நாளும் ஏசுவார். அங்கயும் அவர விடல்ல பாரு."

சிரிப்பு முடியுமுன் அழுகை வந்தது. அடக்கம் நடந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். மார்க்கப்படி உயிருள்ளதைக் கீறலாகாது என்று நண்டை விட்டு, வளையை மட்டும் கீறி முடித்தாள்.

இன்று அந்த மீசான் கட்டைகள் உக்கிவிட்டன. வளையும் எப்போதோ தூர்ந்துவிட்டது. கட்டை சாய்ந்து நிற்பதும் மணல் உருண்டைகள் சிதறிக் கிடப்பதும் இந்தச் சுவரில் மட்டுமே. நான் இப்போதும் மேடை ஏறுகிறேன். ஏறுமுன், கரி படிந்த அவள் விரல்களைப் பார்த்தபடி அன்று நான் வாய்விட்டுச் சொன்னது நினைவில் வந்து நிற்கும்:

"இனி கண்டதத்தான் சொல்லுவன், ராத்தா."