மைத்துனரின் மூக்கு நுனி

மூக்கு டாக்டர் யாருடைய முகத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் ஒருவர் கும்பிட்டால் அவருடைய பெயர் நினைவுக்கு வராது. "இடது பக்கம் அடைப்பு இருந்ததே, இப்போ எப்படி?" என்று கேட்டுவைப்பார். பெரும்பாலும் ஆள் சரியாக இருக்கும். ஆள் மாறியிருந்தாலும் அடைப்பு இருக்கும்.

மனைவியைச் சந்தித்ததும் அப்படித்தான். அவள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். அவர் கொண்டுவந்த புத்தகத்தின் தலைப்பைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபோது அவளுடைய மூக்கு நுனி ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கியது.

"நுனிக்குத் தாங்கல் பத்தல. வேணும்னா நான் தூக்கி நிறுத்தித் தரேன்" என்றார் அவர்.

"நீங்க முதல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம இருக்கப் பழகுங்க. என் மூக்கை அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. கல்யாணமாகி, மகளைப் படிக்க அனுப்பி, வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும், மூக்கில் கை வைக்க அவள் விடவில்லை. போன வருடம் இறந்துபோனாள். மூக்குக்குச் சம்பந்தமில்லாத நோய். அதனால் அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதே மூக்கு இன்னொரு முகத்திலும் இருந்தது. அவளுடைய தம்பியின் முகம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயது ஏற ஏற அவருக்கு நுனி மேலும் தளர்ந்து, மூச்சு போகிற வழியை அடைத்தது. ஒரு விரலால் நுனியைத் தூக்கிப் பிடித்தால்தான் காற்று உள்ளே போகும். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் அதை ஏதோ சைகை என்று நினைத்து பிரேக்கை மிதித்தார்கள்.

"அத்தான், ஏதாவது பண்ணுங்க."

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு பீய்ச்சுகிற மருந்து. பிறகு, மூக்கின் மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை. மூன்றும் உதவாது என்பது கொடுத்தவருக்குத் தெரியும். வீட்டில் மனைவியின் படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் நேர்முகமாக, வாயை மூடிக்கொண்டு எடுத்தவை. அந்த மூக்கு அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் மைத்துனரைச் சாப்பிடக் கூப்பிட்டு ஒரு நகைச்சுவை சொல்ல வேண்டும். டாக்டருக்கு நகைச்சுவை வராது. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மைத்துனரின் மனைவி நேரே மருத்துவமனைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, இவர் படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துக்கிட்டேதான் தூங்குறார். நேத்து கார்ல பாடம் நடக்கும்போதே கண்ணு அசந்துட்டார். ஓட்டினது யாரு? முந்தாநாள் சேர்ந்த பொண்ணு. சொந்தத்துக்குள்ள வைத்தியம்னா தள்ளிப்போடுவீங்களா?"

டாக்டர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, மைத்துனரை வரவழைத்தார்.

"நுனியைத் தூக்கினா முகம் மாறும், மச்சான்."

"மாறட்டும். இந்த முகத்தை வெச்சு நான் என்ன பொண்ணா பாக்கப் போறேன்? மூச்சு வந்தாப் போதும்."

"மூக்குக்குள்ள நடுச்சுவர்ல இருக்கிற குருத்தெலும்பைத்தான் வெட்டி முட்டுக் கொடுப்பேன். பத்தலைன்னா காதுலருந்தும் எடுப்பேன்."

"எடுங்க. இவ பேசுறது ஒரு காதுல கேட்டாப் போதும்."

"கேக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

வேலை சிக்கலானதில்லை. கூடாரத்தின் நடுக்கம்பு இற்றுப்போனால் புதுக் கம்பு நடுவதைப் போலத்தான். நடுச்சுவரின் முன்விளிம்பையும் மேல்விளிம்பையும் தொடாமல், உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு அதிகம் எடுத்தால் மூக்கின் தண்டே உட்கார்ந்துவிடும். எடுத்ததைப் பட்டையாகச் செதுக்கி, இரண்டு துளைகளுக்கும் நடுவே நிறுத்தி, இருபுறமும் சேர்த்துத் தைக்க வேண்டும். பட்டை எவ்வளவு உயரமோ நுனியும் அவ்வளவு உயரம். அதற்காக டாக்டர் ஒரு சின்ன எஃகு அளவுகோல் வைத்திருப்பார். அளக்காமல் அவர் எதையும் வெட்டியதில்லை.

மைத்துனரின் ஆபரேஷன் அன்று அளக்கவில்லை. மறந்தார் என்றும் சொல்ல முடியாது. இந்த மூக்கு தெரிந்த மூக்கு. கை தன் பாட்டுக்குச் செதுக்கியது. துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. தைத்து முடித்துத் விலக்கியிருந்த தோலை அதன் மேல் இறக்கி, விரலால் நுனியை அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் போல் திரும்பி வந்தது.

தியேட்டர் சிஸ்டர் வீட்டுக்கும் வந்து டாக்டரின் மனைவியோடு பழகியவள். எட்டிப் பார்த்தவள், பாராட்டாகவே சொன்னாள்.

"அப்படியே அம்மா மூக்கு, சார்."

டாக்டர் பார்த்தார். நுனி உறுதியாக நின்றது. ஆனால் பழைய இடத்தில், அதே சாய்வில். இனி எந்த வயதிலும் இறங்காது. மூச்சும் உள்ளே போகாது.

தையலைப் பிரிக்கக் கத்திரிக்கோல் கேட்கவும் இல்லை, தோலை மூடித் தைக்கவும் இல்லை. மயக்க மருந்து டாக்டர் தலையைத் தூக்கினார்.

"முடிஞ்சுதா? எழுப்பிடலாமா?"

இப்படியே விட்டாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. உள்வீக்கம், ஆறட்டும், பார்க்கலாம் என்று ஒரு வருடம் சொல்லலாம். மாதம் ஒருமுறை சாப்பிடக் கூப்பிடலாம். மேசையில் கிடந்தவரின் வாய், மூச்சுக் குழாயைக் கவ்விக்கொண்டு திறந்திருந்தது.

"இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றார் டாக்டர். "சிஸ்டர், அளவுகோலைக் குடுங்க. வலது காதைத் துடைங்க."

தையலைப் பிரித்தார். நடுச்சுவரில் இனி எடுக்க மிச்சமில்லை. காதுக்குப் பின்னால் கீறி எடுத்த குருத்தெலும்பு, காதைப் போலவே வளைந்திருந்தது. இரண்டு துண்டுகளை முதுகோடு முதுகு வைத்துத் தைத்து நிமிர்த்தினார். இருமுறை அளந்தார். நுனி ஏறியது. நல்ல மூக்குதான். அவருக்குப் பழக்கமில்லாத மூக்கு.

கட்டுப் பிரித்த அன்று மைத்துனர் கண்ணாடியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா போயிட்டாங்க, அத்தான்" என்றார். இதை அவர் ஒரு வருடமாகச் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா" என்றார் டாக்டர்.

வீக்கம் வடிந்த பிறகு, சோதனைக்கு வரச் சொல்லியிருந்த ஒரு நாளில் வந்தார் மைத்துனர். வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்து சிஸ்டர் கூப்பிட்டபோது ஆள் எழவில்லை. டாக்டரே வெளியில் வந்து பார்த்தார். மைத்துனர் பெஞ்சில் மல்லாந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா, சார்?"

"வேணாம். அடுத்த ஆளை அனுப்புங்க."

அடுத்து ஒரு அம்மாள் எழுந்து உள்ளே போனார். டாக்டர் இன்னும் கொஞ்சம் அங்கேயே நின்று, பெஞ்சில் கிடந்த முகத்தை முழுசாகப் பார்த்தார். பிறகு அவரும் உள்ளே போனார்.